பித்தளைச் சூரியன் இறங்காத நாள்

முன்னொரு காலம். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டை ஆண்ட சித்திரசேன மகாராஜாவுக்கு ஒரு நாழிகை சும்மா இருக்கத் தெரியாது. படையெடுக்கலாம் என்றால் பக்கத்து நாட்டு ராஜாக்கள் எல்லோரும் மாமன் மச்சான் முறை. ஆகையால் தாமே ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அரண்மனை நடுமண்டபத்தின் தரையில் கட்டம் கீறி, மலையும் கோட்டையும் மரத்தில் செய்து நிறுத்தினார். சபைப் பெரியவர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு நாடு பிடித்துக்கொண்டு, முறை வைத்துக் காய் நகர்த்த வேண்டும்.

ஆட்டம் என்றால் விதி வேண்டுமே. ராஜா தம் மூளையை எல்லாம் அதில்தான் கொட்டினார். ஆறு பேரும் காய் நகர்த்தி "முடித்தேன்" என்று சொன்னால் ஒரு சுற்று. ஒரு சுற்றுதான் ஒரு நாள். வெளியுலக நினைப்பு வரக்கூடாது என்று சன்னல்களைப் பலகை வைத்து அடைத்தார். சுவரில் பித்தளையால் ஒரு சூரியனைச் செய்து கயிற்றில் தொங்கவிட்டார். சுற்று முடிந்தால் காவலன் கயிற்றைத் தளர்த்தி அதை மரமலைக்குப் பின்னால் இறக்குவான். மண்டபத்தில் அதுதான் அந்தி. அப்போதுதான் கதவு திறக்கும், அப்போதுதான் சோறு. வெளியே பொழுது என்ன ஆயிற்று என்று உள்ளே யாராவது பேசிவிட்டால், பித்தளைச் சூரியன் இறங்கும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

ஏழு சுற்றுக்கு ஒருமுறை தேர்தல். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு விதை அடையாளம். யாரை ஆட்டத் தலைவராக்க விருப்பமோ அவருடைய விதையை ஒவ்வொருவரும் குடத்துக்குள் போட வேண்டும். ஏழாம் சுற்றில் கடைசி ஆள் "முடித்தேன்" என்றதும் குடத்தைக் கவிழ்த்து எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகே சூரியனை இறக்க வேண்டும். தலைவர் யார் என்று தெரியாமல் ஓர் இரவுகூடக் கழியக்கூடாதாம். அப்படித் தேர்ந்தவர் அடுத்த தேர்தல்வரை நிஜமான சபையிலும் ராஜாவுக்கு வலப்பக்கம் உட்காரலாம்.

வலப்பக்கத்து ஆசனத்தின் சுகம் கண்டவர் பிரதானி அனந்தப்பர். மனிதர் உட்கார்ந்த நாள் முதல் சபையில் மற்றவர் வாய் திறக்க முடியவில்லை. அன்று ஏழாம் சுற்று. ஐந்து பேரும் விதை போட்டுவிட்டு, காயையும் நகர்த்திவிட்டார்கள். மிச்சம் பிரதானி ஒருவர்தான். குடத்தில் என்ன விழுந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும். தம் விதையைப் போட்டார், கன்னத்தில் கை வைத்தார். "யோசிக்கிறேன்" என்றார்.

யோசிப்பதற்கு ராஜா வரம்பு வைக்கவில்லை. ஏனென்றால் சபையில் எதற்கும் அதிகம் யோசிப்பவர் ராஜாதான்.

ஆட்டக்காரர்களைச் சிரிக்க வைப்பதற்கென்று அங்கே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த விகடர் தாண்டவராயனுக்கு அன்று சிரிப்பே வரவில்லை. அவன் மனைவி செங்கமலத்துக்கு விடிகாலையிலேயே இடுப்பு வலி கண்டிருந்தது. மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டு வந்தவன், இப்போது கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான், உட்கார்ந்தான், தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான். தலைப்பிரசவம். அவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளோ, திட்டுவாளோ என்று நினைத்தபடி கதவுவரை போய்த் திரும்பினான்.

ராஜாவுக்கும் பசி காதை அடைத்தது. தாம் போட்ட விதியைத் தாமே மீறினால் மானம் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிரதானி மட்டும் நிம்மதி. இடுப்பு மடிப்பில் பொரிவிளங்காய் உருண்டைகளை முடிந்து கொண்டுவந்திருந்தார்; இருமுவதுபோல் வாயைப் பொத்தி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டான். சும்மா இருக்காமல், பிரதானியார் யோசனையை மென்று தின்கிறார், நமக்கும் கொஞ்சம் கொடுத்தால் தேவலை என்று முணுமுணுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிரதானிக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே இந்த விகடனைக் கண்டால் அவருக்கு ஆகாது. ராஜாவின் வெற்றிலைத் தட்டு தம்மைத் தாண்டி அவன் பக்கம் போகிறதே என்று பல நாள் எரிச்சல்.

"வேந்தே, விகடர் மகா கெட்டிக்காரர் என்கிறார்கள். இந்தத் தேர்தலை அவரே நடத்திக் காட்டட்டும். விதியை மாற்றக்கூடாது, என்னைத் தொடக்கூடாது. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால், குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

பசித்தவனுக்குப் புத்தி ஏது. ராஜா உடனே சரி என்று சொல்லிவிட்டார்.

தாண்டவராயன் தலையில் கை வைத்துக்கொண்டான். பச்சை உடம்புக்காரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது? பிரதானி செய்ய வேண்டியதெல்லாம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதுதான். தாண்டவராயன் பித்தளைச் சூரியனைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், மறுபடி சூரியனைப் பார்த்தான். அதன் பிறகு அவன் எழுந்து நடமாடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

வெகுநேரம் கழித்து, அடைத்த சன்னலுக்கு வெளியிலிருந்து கோயில் சங்கு மெல்லக் கேட்டது. மாலையில் சாயரட்சைப் பூசைக்கு ஊதும் சங்கு. எல்லோர் காதிலும் விழுந்தது, ஒற்றைக் காலுக்குப் பயந்து ஒருவரும் மூச்சு விடவில்லை. தாண்டவராயன் மட்டும் எழுந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லாம் போயிற்று என்பதுபோல் பெருமூச்சு விட்டான்.

பிரதானியால் பொறுக்க முடியவில்லை. "கேட்டீர்களா வேந்தே, சாயரட்சைச் சங்கு. பொழுது சாய்ந்துவிட்டது, தேர்தல் நடக்கவில்லை. விகடரை அனுப்பிவையுங்கள்."

தாண்டவராயன் கைகூப்பினான். "வேந்தே, அடியேனுக்கு ஒரு சந்தேகம். இந்த மண்டபத்தில் இப்போது உச்சிவேளை. சூரியன் அதோ தலைக்கு மேலே நிற்கிறது. வேறு பொழுதைப் பற்றிப் பேசியவர் எந்தக் காலில் நிற்க வேண்டும், வலமா, இடமா?"

ராஜா அண்ணாந்து பார்த்தார். விதி விதிதானே. பிரதானியைப் பார்த்து, உமக்கு வசதியான காலில் நில்லும் என்று சொல்லிவிட்டார்.

பிரதானியின் உடம்பு நிற்பதற்கென்று ஆனதல்ல. வலக்காலில் நின்றார், முழங்கால் நடுங்கியது. மடிப்பு அவிழ்ந்து பொரிவிளங்காய் உருண்டைகள் ஆட்டக் கட்டங்களில் உருண்டோடின. ஒன்று அவருடைய கோட்டைக்கு முன்னாலேயே போய் நின்றது. ராஜா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தாண்டவராயன் பக்கத்தில் போய் மிகவும் பணிவாகப் பேசினான். அவசரப்பட வேண்டாம், நன்றாக யோசியுங்கள், நீங்கள் முடித்தேன் என்று சொன்னால்தானே சூரியன் இறங்கும், அது இறங்காதவரை நான் இந்த நாட்டிலேயே சௌக்கியமாக இருப்பேன் என்றான்.

அந்தப் பேச்சு பிரதானியைக் கால் வலியைவிட அதிகமாகக் குத்தியது. ஒரு வார்த்தை சொன்னால் காலும் இறங்கும், இந்தப் பயலும் ஒழிவான். எதிரில் இருந்த ஏதோ ஒரு காயை எங்கேயோ தள்ளினார்.

"முடித்தேன். இறக்கு சூரியனை."

காவலன் கயிற்றில் கை வைத்தான். "பொறு தம்பி. முதலில் குடம்" என்றான் தாண்டவராயன்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். ஆறு பேரில் ஒருவரான குதிரைப்படைத் தலைவர் நம்பியின் அடையாளமான குன்றிமணி ஐந்து விழுந்தது. பிரதானியின் புளியங்கொட்டை ஒன்றே ஒன்று. மேலே பித்தளைச் சூரியன் இன்னும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது, யாரும் பிரதானியைத் தொடவில்லை, எந்த விதியும் மாறவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்.

"கதவைத் திறக்கச் சொல்லுங்கள், வேந்தே" என்றான் தாண்டவராயன்.

தலைப்பாகையை விட்டுவிட்டு ஓட்டமாக ஓடினான். வீட்டு வாசலில் மருத்துவச்சி கைகழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே செங்கமலம் துணிப்பொதியை அணைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். அவன் ஆட்டம், சுற்று, பித்தளைச் சூரியன் என்று மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான்.

"உச்சிக்கே பொறந்துட்டா ஒங்க மக" என்றாள் அவள். "ஒங்க ராசா கயித்த அவுக்கட்டும்னு அவ காத்துக்கிட்டு இருக்கல."

மறுநாள் இதைச் சபையில் சொன்னபோது ராஜா மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சன்னல் பலகைகளைப் பிடுங்கச் சொன்னார். பித்தளைச் சூரியனை உருக்கித் தொட்டில் சங்கிலி வார்த்து, பட்டும் பொன்னும் சேர்த்துத் தாண்டவராயன் வீட்டுக்கு அனுப்பினார். அந்தத் தொட்டிலில் குழந்தை பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் முழித்துக்கொண்டு கிடந்ததாம்.