புகை எழாத தெரு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கொக்கும் குருவியும் வாய் திறந்து பேசின காலத்துல, ஒரு ராஜாவோட உப்பளத்துல இசக்கின்னு ஒருத்தி உப்பு வாரிக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒரே மக, பேச்சி. அந்தப் பிள்ளை நெஞ்சுக்குள்ள ஒரு பூதம் முள்ளைத் தைச்சு வச்சிருந்துச்சு. நாலடி நடந்தா உதடு நீலம் பாரிச்சுப் போகும். பாவம்!

அரண்மனை வைத்தியர்கள்கிட்ட தூக்கிட்டு ஓடினா. "ஒரு தாம்பாளம் முத்து கொண்டா"ன்னாங்க. உப்பு வாருறவ முத்துக்கு எங்கே போவா? நாசமாப் போறவனுங்க!

அழுதுகிட்டே திரும்பினவளைத் தெருக்கோடியில நின்ன மந்திரக் கொக்கு கூப்பிட்டுச்சு. "எனக்கு முத்தும் வேண்டாம், பவளமும் வேண்டாம். பௌர்ணமிச் சாயங்காலம் பிள்ளையைக் கொண்டா. தூங்க வச்சு, என் அலகால நெஞ்சைத் திறந்து முள்ளை எடுத்துடுறேன். ஆனா வெறும் வயிறா இருக்கணும். ஒரு பருக்கை உள்ளே போயிருந்தாலும் தூக்கத்துலயே உயிர் போயிரும்."

முதல் பௌர்ணமி வந்துச்சு. பக்கத்து வீட்டுல குழம்பு கொதிச்சுது. "பசிக்குதும்மா"ன்னு பேச்சி அழுதா. பெத்த மனசு கேக்குமா? ஒரு வாய் கஞ்சி ஊட்டிட்டா. கொக்கு மோந்து பார்த்து, "இன்னைக்கு முடியாது, போ"ன்னுச்சு. ரெண்டாவது பௌர்ணமிக்கு எதிர்வீட்டுல மீன் வறுத்தாங்க. அன்னைக்கும் அதே அழுகை, அதே ஒரு வாய்.

"இனி ஒரு பௌர்ணமிதான் இது தாங்கும்"னு கொக்கு சொல்லிருச்சு. இசக்கி தலையில அடிச்சுக்கிட்டு அழுதது தெருவுக்கே கேட்டுச்சு.

மூணாவது பௌர்ணமி. விடிஞ்சு கதவைத் திறந்தா, ஒரு வீட்டுலயும் புகை இல்லை. அந்தத் தெருவுல சாவு விழுந்தாத்தான், பிணம் எடுக்குறவரைக்கும் யாரும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. இசக்கி தெருவுல இறங்கிக் கத்தினா.

"அடப் பாவிகளா! என் மக உயிரோட இருக்கும்போதே இழவு கொண்டாடுறீங்களா?"

எதிர்வீட்டு மாடத்தி ஓடிவந்து கையைப் பிடிச்சா. "வாயைக் கழுவுங்க மதினி! வாசனை வந்தாத்தானே பிள்ளை சோறு கேக்கும்? இன்னைக்கு எங்க பிள்ளைகளும் பட்டினிதான்."

அன்னைக்குத் தெருவே வெறும் வயித்தோட வெயில்ல நின்னு உப்பு வாரிச்சு. சிலபேர் மயங்கி விழுந்தாங்க. பேச்சி அழக்கூடத் தெம்பில்லாம அம்மா மடியில கிடந்தா.

சாயங்காலம் கொக்கு அலகை வச்சுது. நெஞ்சு திறந்துச்சு, முள்ளு வந்துச்சு, அதைத் தைச்சு வச்ச பூதம் அலறிக்கிட்டே கடல்ல விழுந்துச்சு. ஆனா பிள்ளை கண்ணைத் திறக்கலையே! இசக்கி செத்துச் செத்துப் பிழைச்சா.

ரொம்ப நேரம் கழிச்சு, உதடு சிவக்க எழுந்து உட்கார்ந்த பேச்சி தெருவைப் பார்த்தா. "ஏம்மா ஒரு வீட்டுலயும் புகை இல்லை? யாரும்மா செத்துப்போனா?"

"யாரும் சாகலடி, என் தங்கமே"ன்னு சொல்ல வாயெடுத்த இசக்கி ஓன்னு அழுதா. தெருவே சேர்ந்து அழுதுச்சு.

மாடத்திதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு முதல் அடுப்பைப் பத்த வச்சா. அவங்க வயிறெல்லாம் அன்னைக்கு நிறைஞ்சுது. கதை கேட்ட உங்க வயிறும் நிறையட்டும்.