யானை சுற்றிய மனை

முன்னொரு காலத்தில், கடலைக் கேட்காமலே கடலோரத்தை ஆண்டுவந்த ராஜா ஒருவர் முத்தரைப்பட்டினத்தில் இருந்தார். பெயர் வீரகடம்பன். காலையில் ஒருவனைக் கழுவிலேற்றச் சொல்வார், மதியம் அவனையே விருந்துக்குக் கூப்பிடுவார். அவ்வளவு நிதானம்!

அந்த ஊரில் நாகலிங்கம் என்றொரு வளையல் வியாபாரி. வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைக்க வந்தவன். பதினோரு வருஷத்தில் ஒன்பது குடிசை மாறியாகிவிட்டது. அடுப்புப் போட்டு அது காய்வதற்குள் "காலி பண்ணு" என்பார்கள். அவன் மனைவி அங்கம்மைக்கு ஒரே ஆசை, யாரும் விரட்டாத ஒரு வாசல். அதற்காகப் பாட்டன் கொடுத்த கம்மங்காட்டை விற்று, மனை அதிகாரி திருமேனிநாதரிடம் கடற்கரையோரம் ஒரு காலி மனை வாங்கினான்.

அதிகாரி மனையைக் காட்டியது அட்டமியன்று.

"அட்டமியில நல்ல காரியம் வேணாமே சாமி" என்று இழுத்தான் நாகலிங்கம்.

"அதனாலதானப்பா உனக்குக் குறைச்சுத் தர்றேன்!" என்று மீசையைத் தடவினார் அதிகாரி.

அட்டமி நவமியில் கடல் அடங்கிக் கிடக்கும் என்பது வலை போடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். கம்மங்காட்டுக்காரனுக்கு யார் சொல்வது? பௌர்ணமி பிறந்தது, கடல் ஏறியது. அதற்குள் எழுப்பியிருந்த மண்சுவர் கரைந்து, நான்கு எல்லைக் கல்லும் தண்ணீருக்கடியில் போயின. அன்றைக்கே அழுதுகொண்டு சபைக்கு ஓடினான்.

"கண்ணால் பார்த்துத்தானே வாங்கினான்? கல் காய்ந்திருந்ததா இல்லையா, கேளுங்கள் மன்னா!" என்றார் அதிகாரி.

"காஞ்சுதான் இருந்துச்சு" என்றான் நாகலிங்கம். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். ராஜா கொட்டாவி விட்டார்.

மந்திரி இளங்காரி எழுந்தார். அதிகாரிக்கு அவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"மன்னா, நம் நாட்டு வழக்கம் என்ன? விற்றவர் முன்னால் போய் ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் காட்ட வேண்டும். பின்னாலேயே பட்டத்துப் பெண்யானை நான்கு எல்லையும் சுற்ற வேண்டும். அப்போதுதான் விற்பனை முடியும். இந்த மனையை இன்னும் யானை சுற்றவில்லை. இன்று மதியம் தாங்களே யானைமேல் எழுந்தருளலாமே?"

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "அடுத்த அட்டமிக்கு வைத்துக்கொள்ளலாமே மன்னா..."

"அட்டமியில் எந்த மடையன் நல்ல காரியம் செய்வான்?" என்றார் ராஜா.

வெளியே வந்ததும் மந்திரி நாகலிங்கத்தின் காதில் சொன்னார். "தண்ணீரைக் கண்டதும் யானை நின்றுவிடும். யானை சுற்றாத மனை செல்லாது. கொடுத்ததெல்லாம் உனக்குத் திரும்பி வரும்." அப்போதுதான் நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மதியம் ஊரே கரையில் கூடியது. முதல் கல்லைத் தொட அதிகாரி முழங்காலளவு போனார், கழுத்தளவு போனார், கடைசியில் முங்கினார். நான்கு கல்லுக்கும் இதே பாடு. தலைப்பாகை மட்டும் தனியே மிதந்து போனது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராஜாவைச் சுமந்துவந்த யானை தண்ணீரோரம் நின்றது. நாகலிங்கம் கைகூப்பினான். அது தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது. பிறகு, குளிக்கக் கூட்டிப்போன குழந்தை மாதிரி குதூகலமாக உள்ளே இறங்கிவிட்டது. நான்கு மூலையும் சுற்றியது. ஆசை தீராமல் இன்னொரு சுற்றும் சுற்றி, ராஜாவைத் தலையோடு நனைத்தது.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம்! "திருமேனிநாதரே, கடலையே கல் நட்டு விற்றீரா? உமக்கு இனி பாதி மீசை போதும், யாரங்கே, சிரைத்துவிடு! இளங்காரி, இன்றுமுதல் நீர் மதியூகச் சிங்கம்!"

நாகலிங்கம் யானைக் காலடியில் விழுந்தான். "என் மனை, மகாராஜா?"

"அதிலென்னப்பா சந்தேகம்? யானை சுற்றிவிட்டது. சூரிய சந்திரர் உள்ளவரை அது உன்னுடையது. இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது" என்று, ஏதோ வரம் கொடுப்பதுபோல் சொல்லிவிட்டு ராஜா கிளம்பிவிட்டார்.

மந்திரி ஈரமணலில் அப்படியே நின்றார். "யானைக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே, அப்பனே" என்றார். நாகலிங்கம் குடிசையைப் பார்த்து நடந்தான்.

குடிசை வாசலில் அங்கம்மை மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். குடிசைச் சொந்தக்காரன் காலையிலேயே விரட்டிவிட்டானாம்.

"என்னங்க, ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சுட்டோம். மனை நமக்கேதான்னு ராஜாவே சொல்லிட்டாரு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "வாங்க, இருட்டறதுக்குள்ள வேற குடிசை பார்க்கணும்" என்றாள்.