பட்டியலில் இல்லாத கார்டு

அருளப்பன் ஓய்வுபெற்ற தபால்காரர். வயது அறுபத்தொன்று. அவருடைய குரு மெஹருன்னிசாவுக்கு இருபத்தெட்டு. சனிக்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் லினக்ஸ் என்னும் இலவசக் கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பவர். குரு சீடரைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நூலகத்துக் கணினியில் லினக்ஸ் போட்டது அருளப்பன்தான். போட்ட நாளிலிருந்து அதன் வைஃபை கார்டு அசையவில்லை. திங்கட்கிழமை, வேலைத் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கப் பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். அன்றுதான் கடைசி நாள். “நான் பாத்துக்கிடுதேன்” என்று நூலகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார் மனிதர்.

மூன்று நாள் மல்லுக்கட்டினார். சனிக்கிழமை காலை, முகம் தொங்கிப்போய் குருவின் முன் நின்றார்.

“இந்தக் கார்டு லினக்ஸுக்கு ஆகாதாம், டீச்சர். இதே பிரச்சினைய ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் இணைய மன்றத்துல கேட்டிருக்கான். மறுநாள் அவனே கீழ எழுதுதான், ‘சரியாகிவிட்டது, நன்றி’ன்னு. எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வரி கிடையாது. பாவிப்பய! மூணு நாளா அவனத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்.”

“கார்டோட பேரு என்ன, ஐயா?”

அருளப்பன் பையிலிருந்து கார்டு வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“இது பெட்டி சொல்லுற பேரு. கார்டு என்ன சொல்லுது?”

“கார்டு எங்க டீச்சர் பேசுது?”

“நீங்க கவரோட நிறத்தைப் பாத்தா தபால் குடுத்தீங்க?”

“விலாசத்தைப் பாத்து.”

மெஹருன்னிசா ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் ஓர் எண் வந்தது.

“இதுதான் இதோட விலாசம்” என்றார். மீதியை அவரிடமே விட்டுவிட்டு மற்ற மாணவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். கைபேசியில் அந்த எண்ணைத் தேடத் தேட விஷயம் விளங்கியது. பெட்டியின் பேரை நம்பி இத்தனை நாள் வேறொரு கார்டுக்கான நிரலை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தக் கார்டை இயக்கும் நிரல் முதலிலிருந்தே கணினிக்குள் இருந்தது. அதன் பட்டியலில் இந்த எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. சேர்ப்பதற்கு ஒரே ஒரு வரி போதும்.

சேர்த்தார். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

அருளப்பன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நூலகரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். திங்கட்கிழமை எத்தனை பேர் வந்தாலும் வரட்டும் என்றார். அப்படிச் சந்தோஷப்பட்டு அவரை யாரும் பார்த்ததில்லை.

“மன்றத்துலயும் போட்டாச்சு, டீச்சர். அந்தப் பாவிப்பய எழுதினதுக்குக் கீழயே போட்டிருக்கேன்.”

“என்ன போட்டீங்க?”

அவர் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார்.

‘எனக்கும் சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.’

மெஹருன்னிசா நிதானமாகப் படித்தார். பிறகு, எண் எழுதிய தாளை எடுத்து அருளப்பனின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அவனுக்கும் அன்னைக்கு இதே மாதிரிதான் சந்தோஷமா இருந்திருக்கும், ஐயா.”