கிளி சேர்த்துச் சொன்ன ஒற்றைக் கண்

கிளிகள் தங்கள் மனதில் பட்டதைத் தாங்களே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத் துறைமுகம் ஒன்றுக்கு ஒரு கிளி களைத்துப்போய்ப் பறந்து வந்தது. கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு போன அரிசிப் படகில் இருந்த கிளி அது. ஏழு நாள் அவர்களிடம் இருந்துவிட்டுத் தப்பி வந்திருந்தது.

ஊரே கூடிவிட்டது. அடுத்தது நம் படகுதானோ என்று யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கிளி கண்டதைச் சொன்னது. அவர்கள் எடுத்தது அரிசி, கயிறு, குடிதண்ணீர், காய்ச்சல் மருந்து. தலைவன் நக்கன் மெலிந்த ஆள், பல்வலிக்காரன். அவனைக் கொள்ளையர் எல்லோரும் கைதூக்கித்தான் தலைவனாக்கியிருந்தார்கள்.

இவ்வளவுதானா என்று கூட்டம் கலையத் தொடங்கியது. கிளிக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்கு ஒற்றைக் கண்" என்றது.

போனவர்கள் திரும்பினார்கள். ஒரு கால் மரக்கால் என்றது. பெட்டி பெட்டியாகத் தங்கத்தைத் தீவில் புதைக்கிறான் என்றது. சொல்லச் சொல்லக் கிளிக்குத் தின்ன மாம்பழம் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் காவலர்கள் உலகனைப் பிடித்தார்கள். அவன் படகுகளுக்குப் பாய் தைப்பவன். ஊசி பட்டு ஒரு கண் போனவன். அவன் மனைவி பொன்னாத்தி கிளியிடம் ஓடி வந்தாள்.

"நீ பார்த்தது இவரையா?"

"இல்லை. ஒற்றைக் கண் நானாகச் சேர்த்தது."

"அதை அங்கே வந்து சொல்."

துறைமுகத் தலைவர் முன்னால் கிளி உண்மையைச் சொன்னது. கொள்ளையர்மேல் உள்ள பயத்தில் உளறுகிறது என்று அவர் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் பல்லுக்கு மருந்து வாங்க வந்திருந்த நக்கன் கூட்டத்தின் ஓரமாக நடந்தான். இவன்தான், இவன்தான் என்று கிளி அவன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு கண், இரண்டு கால், வீங்கிய கன்னம். சிரித்து வழிவிட்டார்கள். அவன் படகேறிப் போய்விட்டான்.

உலகனை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். கூடவே போன பொன்னாத்தி கிளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளி மரத்துக்கு மரம் தாவியது. எந்தக் கிளையிலும் நிற்க முடியவில்லை. சொந்தமாக ஒரு சொல் எடுக்கப்போனாலே உலகனை நினைத்து அதை விழுங்கிவிட்டது.

அன்று தொடங்கியதுதான், கிளி பிறர் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்வது. அது சேர்த்துச் சொன்னதை ஊர் மட்டும் விடவே இல்லை. இன்றைக்கும் சினிமாவில் வரும் கடற்கொள்ளையன் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, தோளில் கிளியோடுதான் வருகிறான்.