வாசலில் இருந்த அண்ணாச்சி

கடலோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. கடல் ஏறும்போது அலை உள்ளே வரும். கடல் வற்றும்போது குட்டை தனியாகிவிடும். இறால்கள், நத்தைகள், சிறு மீன்கள் என்று அதில் முந்நூறு குடும்பங்கள் வாழ்ந்தன. அவ்வளவு பேருக்கும் பெரிய புள்ளி கருங்கொடுக்கன் என்ற நண்டுதான்.

குட்டையின் வாயிலில் இருந்த ஒரு பாறைப் பொந்து அதன் வீடு. அங்கே உட்கார்ந்து இரண்டு கொடுக்குகளையும் உயர்த்திக் காட்டும். வெளியே திரியும் பேய்க்கணவாய் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். எட்டுக் கைகளும் எலும்பில்லாத உடம்பும் கொண்ட பேய்க்கணவாய்க்கு இறால் என்றால் உயிர். நண்டு என்றால் அதைவிட உயிர். ஆனால் கொடுக்கு என்றால் பயம்.

அதனால் நண்டின் வாசலை எவரும் சும்மா கடப்பதில்லை. இறால்கள் மீசையைத் தாழ்த்தும். நத்தைகள் கொம்புகளை இழுத்துக்கொள்ளும். கருங்கொடுக்கன் பதிலுக்கு ஒரு கண்ணை மட்டும் அசைக்கும். மறு கண்ணையும் அசைத்துவிட்டால் குட்டையில் அன்று அதுதான் செய்தி.

ஒரு நாள் கருங்கொடுக்கனுக்கு உடம்பு இறுகியது. உள்ளே சதை வளர்ந்துவிட்டது. வெளியே ஓடு வளரவில்லை. நண்டு சாதிக்கு இது வழக்கம்தான். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டோடு வெளியே வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், புதிய ஓடு முதல் சில நாட்களுக்கு ஈரத்துணி மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு சின்ன மீன்கூட நண்டைக் கடித்துவிட்டுப் போகலாம்.

கருங்கொடுக்கனை அரித்தது வேறொன்று. "நான் இப்படித் துவண்டு கிடப்பதைக் குட்டை பார்த்தால் என்ன ஆகும்?"

அதே பொந்தில் ஓர் உளுவை மீன் குடியிருந்தது. நண்டுக்கு எடுபிடி. வாய் மட்டும் நீளம். அது சொன்னது:

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி! யார் கண்ணுக்கும் தெரியாம முடிச்சிடலாம்."

கருங்கொடுக்கன் பொந்தின் உள்ளே போனது. ஓடு பின்பக்கம் விரிந்தது. நண்டு பின்னோக்கி மெல்ல மெல்ல வெளியே வந்தது. கால்களை உருவியது, கொடுக்குகளை உருவியது, கண்களைக்கூடப் பழைய உறையிலிருந்து உருவியது. முடிந்தபோது அங்கே இரண்டு நண்டுகள் இருந்தன. ஒன்று வெளிறிப்போய்த் தள்ளாடியது. இன்னொன்று கால் முதல் கொடுக்கு வரை குறையில்லாமல் கம்பீரமாக நின்றது. அது வெறும் ஓடு.

உளுவை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. உங்களைவிட இது உங்க மாதிரி இருக்கு!"

"என்னலே சொல்ற?"

"இதை வாசல்ல உட்கார வச்சிட்டா? பேய்க்கணவாயும் வராது, மரியாதையும் குறையாது. நீங்க உள்ளே நிம்மதியாப் படுத்திருங்க!"

கருங்கொடுக்கனுக்கு யோசனை பிடித்துப்போனது. இருவரும் ஓட்டை வாசலுக்குத் தள்ளினார்கள். இரண்டு கொடுக்குகளையும் தூக்கி நிறுத்தி, கீழே கூழாங்கற்களை முட்டுக் கொடுத்தார்கள்.

முதல் நாள் பேய்க்கணவாய் வந்தது, பார்த்தது, போய்விட்டது. இறால்கள் வந்தன, மீசையைத் தாழ்த்தின, போயின. உள்ளே கிடந்த நண்டுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் ஒரு தகராறு வந்தது. ஒரே பாறை இடுக்குக்கு இரண்டு இறால்கள் சண்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றன.

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க! இடுக்கு எனக்கா, இவனுக்கா?"

ஓடு ஒன்றும் சொல்லவில்லை. ஓடு என்ன சொல்லும்? உளுவை சட்டென்று அதன் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமியது.

"அண்ணாச்சி நினைக்கிறது என்னன்னா, கடல் ஏற்றத்தில இடுக்குல ஒருத்தர் இருக்கணும், வற்றத்தில ஒருத்தர் இருக்கணும்."

"அடேங்கப்பா! என்ன தீர்ப்பு!" என்றது ஓர் இறால்.

"முன்னெல்லாம் வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழுவாரு. இப்போ பாரு, எவ்வளவு பொறுமை! மனசு பக்குவப்பட்டிருச்சு," என்றது மற்றொன்று.

இரண்டும் உளுவைக்கு ஆளுக்கொரு புழு கொடுத்துவிட்டுப் போயின. மாலைக்குள் மேலும் ஆறு வழக்குகள் வந்தன. உளுவையின் வயிறு புடைத்தது. உள்ளே கருங்கொடுக்கன் பல்லைக் கடித்தது. அதன் பல் மட்டும் அதற்குள் கொஞ்சம் இறுகியிருந்தது. மற்றபடி உடம்பு முழுக்க இன்னும் தொளதொளதான்.

அப்போது சங்கம்மா அந்தப் பக்கம் வந்தது. காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டு அது. வளர வளர வீடு மாற்றும். இதுவரை பதினோரு வீடு பார்த்த அனுபவம். வாசலில் நின்ற ஓட்டை வணங்கப் போனது, பாதியில் நின்றது, காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தது.

"காலி!" என்றது தனக்குள்.

பிறகு பொந்தின் பின்பக்கம் இருந்த விரிசலுக்குப் போய் எட்டிப் பார்த்தது.

"ஏலே கொடுக்கா! உள்ளேதான் கிடக்கியா? இன்னும் இறுகலையா?"

"சத்தம் போடாதக்கா! இறுகலை. ஏன்னு தெரியலை."

"பழைய ஓட்டைத் தின்னியா?"

"அதை எதுக்குத் தின்னணும்?"

"அட கோட்டிக்காரா! அதுலதானேடா சுண்ணாம்பு இருக்கு! உன் சாதி நண்டு எல்லாம் கழற்றின ஓட்டைத் தின்னுதானே புது ஓட்டை இறுக்குது! நீ அதை வாசல்ல நிறுத்தி மாலை போடாத குறையா வச்சிருக்க!"

கருங்கொடுக்கன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"அக்கா, அதைப் பார்த்துத்தான் கணவாய் வரலை. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கும்பிடுறாங்க. அதையும் தின்னுட்டா என்கிட்ட என்ன மிச்சம்?"

"நீ மிச்சம்!"

"நானா? என்னைப் பாரு. நானே பார்க்க மாட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உளுவை பதறிப்போய் உள்ளே வந்தது.

"அந்த அக்கா பேச்சைக் கேக்காதீங்க அண்ணாச்சி! நாளைக்கு மட்டும் பன்னிரண்டு வழக்கு இருக்கு! வாசல்ல இருக்கிற அண்ணாச்சி நல்லாப் பார்த்துக்கிறாரு. நீங்க உள்ளேயே இருங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க!"

'வாசல்ல இருக்கிற அண்ணாச்சி' என்ற சொல் கருங்கொடுக்கனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அன்று அது நகரவில்லை.

மூன்றாம் நாள் கடல் வற்றத் தொடங்கிய நேரம். பேய்க்கணவாய் வாயிலுக்கு வந்தது. இந்த முறை அது திரும்பிப் போகவில்லை.

"என்ன கொடுக்கா, மூணு நாளா ஒரே போஸ்ல இருக்க? கை வலிக்கலையா?"

ஓடு பேசவில்லை. பேய்க்கணவாய் ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தது. ஓட்டின் கால் ஒன்று கழன்று விழுந்தது.

குட்டையே மூச்சை அடக்கிப் பார்த்தது. உளுவை முன்னால் வந்தது.

"அது வந்து... அண்ணாச்சி அந்தக் கால் வேண்டாம்னு கழற்றிப் போட்டுட்டாரு!"

பேய்க்கணவாய் இன்னொரு கல்லை எறிந்தது. வலது கொடுக்கு கழன்று உருண்டது.

"இதுவும் வேண்டாமாமா?"

உளுவைக்கு வாய் அடைத்தது. அதன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

பேய்க்கணவாய் எட்டுக் கைகளும் குலுங்கச் சிரித்தது. "அப்படின்னா உள்ளே ஒருத்தன் ஓடில்லாம படுத்திருக்கான்! உரிக்கிற வேலைகூட இல்லை! தண்ணி இறங்குது. இப்போ உள்ளே வந்தா நான் வெயில்ல மாட்டி, கொக்குக்கு விருந்தாயிடுவேன். அடுத்த ஏற்றத்துல வர்றேன். முதல்ல கொடுக்கன். அப்புறம் இறாலு, ஒவ்வொரு வீடா!"

அது போய்விட்டது. குட்டையில் ஓலம் எழுந்தது. மறுபடி கடல் ஏற அரை நாள்கூட இல்லை.

"அண்ணாச்சி, காலையும் கொடுக்கையும் பாசியால ஒட்டிடலாம்!" என்று உளுவை கெஞ்சியது. "கொஞ்சம் சாய்ச்சு வச்சா தெரியாது!"

கருங்கொடுக்கன் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நடுப்பகல் வெளிச்சத்தில், முந்நூறு குடும்பங்களின் கண் முன்னால், வெளிறிய உடம்போடு கால்கள் பின்னப் பின்ன நடந்து வந்தது. எது நடக்கக் கூடாது என்று மூன்று நாட்களாகப் பயந்ததோ அது நடந்துவிட்டது.

"ஐயையோ! ரெண்டு அண்ணாச்சி!" என்று ஓர் இறால் கத்தியது.

சிலர் சிரித்தார்கள். கருங்கொடுக்கன் நின்றது.

"ஒண்ணுதான். நான்தான். நீங்க கும்பிட்டது என் பழைய ஓடு."

"அப்போ தீர்ப்பு சொன்னது?"

எல்லோரும் உளுவையைப் பார்த்தார்கள். உளுவை தண்ணீரில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டது.

"விசாரணை அப்புறம்!" என்று சங்கம்மா அதட்டியது. "ஏலே கொடுக்கா, தின்னு!"

கருங்கொடுக்கன் விழுந்து கிடந்த வலது கொடுக்கைத் தூக்கியது. எத்தனை ஏற்றங்களில் அதை உயர்த்திக் காட்டியிருக்கிறது! ஒரு நொடி தயங்கியது. பிறகு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு கடித்தது.

"எப்படி இருக்கு?" என்றது சங்கம்மா.

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு!"

"சுண்ணாம்பேதான்! மெல்லு!"

சிரித்த இறால்களும் இப்போது சும்மா நிற்கவில்லை. நண்டு பிழைத்தால்தான் தங்களுக்கும் பிழைப்பு என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை நொறுக்கி நொறுக்கி அவை எடுத்துக் கொடுத்தன. நொறுக்கியதில் உருண்டுபோன கால்களை நத்தைகள் தள்ளிக்கொண்டு வந்தன. கருங்கொடுக்கன் முதுகைத் தின்றது, கால்களைத் தின்றது, கண் உறையைக்கூட விடவில்லை. வாசல் காலியானது. கருங்கொடுக்கனின் கொடுக்கு நுனிகள் மெல்லக் கருத்தன. முதுகு இன்னும் அமுங்கியது. ஆனால் கொடுக்குகள் இறுகின.

கடல் ஏறியது. பேய்க்கணவாய் வந்தது. காலி வாசலைப் பார்த்ததும் அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"எங்கேடா உன் பொம்மை?" என்று கேட்டபடி ஒரு கையைப் பொந்துக்குள் விட்டுத் துழாவியது. புதிய உடம்பு பழையதைவிடப் பெரியது. கருங்கொடுக்கன் பொந்தை அடைத்துக்கொண்டு, அமுங்கும் முதுகைப் பாறையோடு ஒட்டி, கொடுக்குகளை முன்னால் வைத்துக் காத்திருந்தது.

கை நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

நறுக்!

"ஐயோ! விடுடா! விடு! இது மெத்துனு இல்ல!"

"நேத்து வந்திருக்கணும்!" என்றது கருங்கொடுக்கன். பிடியை விடவில்லை.

பேய்க்கணவாய் கையின் நுனியை அறுத்துக் கொடுக்கிலேயே விட்டுவிட்டு, மை கக்கிக்கொண்டு, வந்த வழியே பாய்ந்து மறைந்தது. தண்ணீர் தெளிய வெகு நேரம் ஆனது. தெளிந்தபோது குட்டை முழுக்கக் கும்மாளம்.

நான்கு நாட்களில் கருங்கொடுக்கன் முழுக்க இறுகிவிட்டது. முன்னைவிடப் பெரிய ஆள். உளுவை தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணாச்சி, உங்க சார்பா நான் ஏதாவது..."

"நான் நினைக்கிறதை நானே சொல்லிக்கிறேன். நீ வெளியே நின்னு கணவாய் வருதான்னு பாரு. கண்ணுக்கு வேலை, வாய்க்கு லீவு!"

அன்று மாலை ஓர் இறால் பக்கத்து வீட்டு நத்தை மீது புகார் கொண்டுவந்தது. கருங்கொடுக்கன் பாதி கேட்பதற்குள் பொறுமை இழந்து, "போலே, ரெண்டு பேர் மேலயும் தப்பு!" என்று கத்தியது.

இறால் முணுமுணுத்தது: "முன்னால இருந்த அண்ணாச்சி எவ்வளவு தங்கமானவர்!"

கருங்கொடுக்கன் உரக்கச் சிரித்தது. "அவரைத்தான் நான் தின்னுட்டேனே!"

பழைய பெருமையை வாசலில் நிறுத்திக் காத்துக்கொண்டிருப்பவர் உள்ளே வலுவிழப்பார். அதையே தின்று செரித்து எழுபவர்தான் வளர்வார்.