மழைநாள் டின்மீன் கறி

வாவிக்கரையில் ஒரு மடம் இருந்தது. அதை நடத்திய அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணே, அக்கா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம். கேள்வியோடு வருகிறவர் முதலில் அடுப்பு மூட்ட வேண்டும். இருப்பதைக் கொண்டு ஒரு கறி ஆக்கி, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் பூபாலபிள்ளை குசினி வாசலில் வந்து நின்றார். தோணியும் வலையுமாக வாழ்ந்தவர். மனைவி இறந்த பிறகு அம்மாவிடம் சீடராகச் சேர்ந்து, மடத்துக்கு விறகு பிளந்தும் முற்றம் கூட்டியும் வந்தார். காலையில் அம்மா அவரிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தார். அதிலிருந்து அவர் ஒரு வேலையும் செய்யவில்லை.

"கேள்வி ஒண்டு இரிக்கு அம்மா."

"அடுப்பும் இரிக்கு அண்ணே."

குசினியில் ஒரு டின்மீனும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் தேங்காய்ப் பாதியும் இருந்தன. வாவி பெருகி, தோணிகள் கரையேறிக் கிடந்தன. அந்தக் கிழமை ஊர் முழுக்க டின்மீன்தான். பூபாலபிள்ளை டின்னைப் புரட்டிப் பார்த்தார். கொடுவா மீன் ஆக்கின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டின்னில் இருந்த தண்ணீரை வெளியே ஊற்றினார். மீனுக்குத் தேசிக்காய் பிழிந்து உரசிக் கழுவினார். புளியும் தூளும் கரைத்த சட்டியில் துண்டுகளை முதலிலேயே போட்டார். பச்சைமீனுக்குப் போடும் அளவில் உப்புப் போட்டார். அகப்பையால் கிண்டிக் கிண்டிக் கொதிக்கவிட்டார்.

சோற்றில் கறியை ஊற்றியதும் அம்மா குனிந்து பார்த்தார்.

"மீன் எங்க அண்ணே?"

"இதுக்குள்ளதான் இரிக்கு."

அம்மா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சட்டியில் மிஞ்சியதைப் பூனைக்கு வைத்தார். பூனை மோந்து பார்த்துவிட்டு மழைக்குள் போனது.

"எவ்வளவு நேரம் வேகவிட்டீங்க?"

"மீன் வேகிற அளவுக்கு."

"அது வெந்துதானே டின்னுக்குள்ள வந்தது?"

பூபாலபிள்ளை சட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"உப்பும் போட்டுத்தான் வந்தது" என்று சொல்லிவிட்டு அம்மா செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார்.

பிறகு கேள்விக்கு வரச் சொன்னார்.

பூபாலபிள்ளைக்கு ஒரே மகள், நிரோஜினி. அவருடைய பரம்பரையில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது கோயில் சந்தியில் படத்தோடு பதாகை கட்டினார்கள். மூன்றாம் வருடம் அவள் படிப்பை விட்டுவிட்டாள். வீட்டுக்குச் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டு, சோதனை எழுதுகிறேன், நல்லாச் செய்கிறேன் என்று போனில் சொல்லி வந்தாள். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது வேறு யாரோ சொல்லித்தான் தகப்பனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் அவளுடைய போனை எடுக்கவில்லை. மழையில் சாயம் போன பதாகை இன்னும் சந்தியில் தொங்குகிறது.

நேற்றிரவு அவள் மடத்துக்குப் போன் எடுத்திருந்தாள். நாளை பின்னேர பஸ்ஸில் வருகிறாள். வீட்டுக்கு அல்ல, மடத்துக்கு. ஓர் இரவுதான் தங்குவாள். அப்பா விசாரிக்கத் தொடங்கினால் விடியற்காலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். அதற்குப் பிறகு வரமாட்டாள். அம்மா காலையில் சொன்ன செய்தி இதுதான்.

"ஏன் விட்டவள், ஆர் சொல்லிக் குடுத்தது, ஏன் என்னட்ட மறைச்சவள், நான் ஊருக்குள்ள எப்பிடி நடக்கிற. எல்லாம் கேக்க இரிக்கு அம்மா. எதை முதல்ல கேட்டா அவள் போகமாட்டாள்?"

அம்மா பூபாலபிள்ளையின் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். அவர் பாதிக்கு மேல் சாப்பிட்டிருக்கவில்லை.

"இண்டைக்கு ஆக்கினது கறிக் கணக்கில வராது அண்ணே. நாளைக்கு ஒருக்கா ஆக்குங்க. பதில் அப்ப."

"நாளைக்கும் டின்மீனா? பிள்ளை வாற நேரமா?"

"போனில அவள் இன்னொண்டும் கேட்டவள். அங்க மழையா எண்டு கேட்டவள். ஓம் எண்டன். அப்ப டின்மீன் கறியா எண்டு கேட்டவள்."

பூபாலபிள்ளை வெளியே பெய்யும் மழையைப் பார்த்தார். தோணி போகாத நாட்களில் மனைவி ஒரு டின்னுக்கு நிறையக் கிழங்கு போட்டுப் பெருக்கி ஆக்குவாள். அந்த நாட்களில் மட்டும்தான் அவர் பகலில் வீட்டில் இருப்பார். சின்னப்பிள்ளை அவர் மடியில் இருந்து, அவர் கோப்பையிலேயே சாப்பிடும். மீன் முள்ளையும் கடித்துத் தின்னலாம் என்று அதற்கு ஒரு சந்தோசம். தன் பிள்ளை கொடுவாவைவிட டின்மீனை விரும்புகிறதே என்று அவருக்கு அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்ததுண்டு.

மறுநாள் பின்னேரம் அவர் யாரும் சொல்லாமலே அடுப்பு மூட்டினார். வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கி, கிழங்கைப் போட்டு, டின்னில் இருந்த தண்ணீரையும் அதற்குள் ஊற்றினார். கிழங்கு பதமாகும்வரை காத்திருந்தார். தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்தார். அதன் பிறகுதான் மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அகப்பையைத் தொடவில்லை. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டி, மூடி வைத்தார். உப்புச் சிரட்டையை எடுத்தவர், கொஞ்சம் யோசித்து, ஒரு கிள்ளு மட்டும் போட்டார்.

சந்தியில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அவள் வந்திட்டாள். நான் எதை முதல்ல கேக்கிற?"

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். துண்டுகள் முழுதாக இருந்தன.

"உப்புக் காணுமா, போதுமா எண்டு கேளுங்க."

நிரோஜினி நனைந்தபடி வந்தாள். மெலிந்திருந்தாள். தகப்பனை நேராகப் பார்க்கவில்லை. அம்மா துவாய் கொடுத்து உட்கார வைத்தார். பையை அவள் மடியை விட்டு இறக்கவில்லை. பூபாலபிள்ளை சோறு போட்டு, கறியை ஊற்றி, தள்ளி நின்றார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஒரு முள்ளை எடுத்துக் கடித்தாள். பிறகு இன்னொன்று.

பூபாலபிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். அம்மா அடுப்புச் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணுமா மகள்?"

அவள் கை நின்றது. குழம்பை விரலால் தொட்டு நாவில் வைத்தாள்.

"கொஞ்சம் குறைவு அப்பா."

அவர் அவசரமாகப் போய் உப்புச் சிரட்டையை எடுத்துவந்தார்.

"இப்ப வேணாம்" என்றாள் நிரோஜினி. "நாளைக்கு ஆக்கக்குள்ள போடுங்க."

பூபாலபிள்ளை சிரட்டையைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.