நாரைகளுக்காக வாடிய வாழை

கண்மாய்க் கரையில் ஒரு மடம். அதில் சாமியம்மா என்றொரு துறவி. அவளுக்கு ஒரே சீடன், நல்லசிவம். வயது நாற்பதைத் தாண்டியும் கோபம் மட்டும் துளி குறையாத மனுஷன்.

அந்த வருஷம் மழை பாதியிலேயே நின்றுவிட்டது. கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைக் குஞ்சுகள் இறகு முளைக்காமல் கத்திக்கொண்டிருந்தன. மடையைத் திறந்தால் மரத்தடி காய்ந்துவிடும். நாய்கள் உள்ளே புகுந்துவிடும். அதனால் நல்லசிவம் கையில் கம்போடு மடைமேல் உட்கார்ந்துவிட்டான். சோறுகூட அங்கேதான்.

கீழ்வயல் ஒச்சப்பன் மண்வெட்டியோடு வந்தான்.

"மடையைத் திறங்க சாமி. கதிர் பால் பிடிக்கிற நேரம்."

"குஞ்சு பறக்கட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு விடமாட்டேன்."

"நாரைப் பிள்ளைக்கு இரக்கப்படுறீங்க. என் பிள்ளைங்க என்னத்தைத் திங்கும்?"

கைகலப்பு ஆகாததுதான் குறை. நல்லசிவம் மூச்சிரைக்க மடத்துக்கு ஓடினான்.

"அம்மா, இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஈரமில்லை. நான் ஒருத்தனா எப்படிக் காப்பாத்துவேன்?"

சாமியம்மா எழுந்தாள். நேரே போய் ஒச்சப்பன் கையைப் பிடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். நல்லசிவமும் பின்னாலேயே போனான். ஒரு குஞ்சு கூட்டிலிருந்து தவறி முள்ளில் சிக்கிக் கிடந்தது.

"நீ உயரம். எடுத்துக் கூட்டுல வையப்பா."

ஒச்சப்பன் வைத்தான். வைத்த பிறகும் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது பறக்க எத்தனை நாளாகும் தாயி?"

"ஒரு மாசமாவது ஆகும்."

"என் கதிர் அதுவரைக்கும் தாங்காதே."

"தாங்காதுதான்."

சாமியம்மா நல்லசிவத்தின் பக்கம் திரும்பினாள்.

"மடத்துக் கிணத்துல தண்ணி கிடக்குல்ல?"

அந்தக் கிணற்றை நம்பித்தான் நல்லசிவத்தின் வாழைத்தோட்டம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தது. அப்போதுதான் குலை தள்ளியிருந்தது.

"அம்மா, வாழை?"

"வாடும்."

சாயங்காலம் வரைக்கும் அவன் வாழைகளுக்கு நடுவிலேயே சுற்றிவந்தான். பிறகு தானே போய்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையைப் பூட்டினான். ஒச்சப்பன் வீடு வீடாகக் கேட்டு மாடுகளை ஓட்டிவந்தான். கிணற்றுத் தண்ணீர் கீழ்வயலுக்குப் போக நடுவயல் வழியாக வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். நடுவயல் பேச்சியம்மாள், "எவன்டா என் வரப்பை வெட்டுறது?" என்று கத்திக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அதுக்காக இப்படிக் கோணலாவா வெட்டுவீங்க, பாவிகளா!" என்று மண்வெட்டியைப் பிடுங்கித் தானே வாய்க்காலை வெட்டிவிட்டாள்.

கதிர் முற்றியது. குஞ்சுகளும் பறக்கத் தொடங்கின. வாழை சருகாய் நின்றது.

ஒருநாள் காலையில் நாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பி வடக்கே போனது. நல்லசிவம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். அவன் கண் கலங்கிவிட்டது.

"நாம காப்பாத்தி அனுப்பிட்டோம். போற ஊர்ல இதுங்களுக்கு யாரு இருக்கா அம்மா? அங்கே எவனாவது தன் தோட்டத்தைக் காயவிடுவானா?"

சாமியம்மா அவன் தோளில் கைவைத்தாள்.

"விட்டிருக்கான். இல்லேன்னா இதுங்க நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்குமா? பாவம், அவனும் இப்ப வானத்தைப் பார்த்துக்கிட்டு, போன ஊர்ல இதுங்களுக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டுதான் நிப்பான்."